உடலில் உலோகம் உண்டா

மெக்கலிஸ்டர் சாலை மருத்துவமனை,
தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
காலையில் முதல் ஆள் அவர்.
ராடிவோயே பெலாஞ்சிச், வயது எழுபத்தொன்பது.
தொழில் என்ற கட்டத்தில்
ஓய்வு என்று மகள் எழுதியிருந்தாள்.
பேனாவை வாங்கி
அதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தார்:
ஜெனரல்.

காந்தக் கருவிக்கு அனுப்பும்முன்
எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.
பல்லில், முட்டியில், காதுக்குள்,
உடலில் எங்காவது உலோகம் உண்டா?

பேச ஆரம்பித்தார்.
ஏர்கோன் இரைச்சலைவிடத் தாழ்ந்த குரல்.
நடுவில் பெல்கிரேட் என்று கேட்டது, நீஷ் என்று கேட்டது,
ஓர் இடத்தில் சிரித்தார்,
ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மகள் யஸ்னா, பாயான் லெப்பாஸில் பொறியாளர்,
முழுக்கக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி
"ஆம்" என்றாள்.

எங்கே என்றேன்.
சட்டையைக் கழற்றினார்.

கழுத்தெலும்பில் ஒரு மேடு:
பதினாறு வயது, ராணுவப் பள்ளி, மதில் ஏறும் பயிற்சி.
வலது விலாவில் தையல்:
பீரங்கிப் படையில் லெப்டினன்ட், தவறி வெடித்த குண்டு,
பக்கத்தில் நின்றவன் பெயரை இரண்டு முறை சொன்னார்.
அப்புறம் கர்னல். அப்புறம்
எந்தக் கொடியின்கீழ் சத்தியம் செய்தாரோ
அந்த நாடே
வரைபடத்தை விட்டு இறங்கிப் போய்விட்டது.
சீருடை அதேதான், பொத்தானை மட்டும்
மனைவி உட்கார்ந்து மாற்றித் தைத்தாளாம்.
தோளில் நட்சத்திரம் கூடியது.
இதை மகள் சொன்னாள்,
கடைக்கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி.

இடது தோளுக்குக் கீழே
தொட்டால் நகரும் ஒன்று.
எந்த ஆண்டு?
ஒன்பது விரல் காட்டினார், பிறகு மூன்று.
"தொண்ணூற்றொன்று," என்றாள் மகள்.
"அந்தக் குளிர்காலம் அப்பா நீஷில்,
அலுவலகத்தில்."
நான் கேட்கவில்லை அதை.
படிவத்தில் ஒரே கட்டம். வெறுமையாய் விட்டேன்.

என் அண்ணன் குணாளன்
தொண்ணூற்று மூன்றில் நீலத் தலைக்கவசம் போட்டு
பொஸ்னியாவுக்குப் போனவன்.
இப்போது இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான்,
ஒருவேளை யஸ்னாவின் ஆட்களை ஏற்றி இறக்குகிறான்.
பனியைப் பற்றிக் கேட்டால் "குளிர்" என்பான்.
ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறான்:
பச்சை ஆறு, ஒரு பாலம்,
லாரி நிறையப் பால்மாவு,
எதிர்க்கரையில் யாரோ ஒரு ஜெனரல்
கையெழுத்துப் போடவேண்டும்.
பத்தொன்பது மணி நேரம்.
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம்.
கையெழுத்து வரவில்லை.
வண்டியைத் திருப்பினார்கள்.

உலோகம் இருப்பதால் காந்தம் ஆகாது,
சிடி ஸ்கேன்தான் என்றேன்.
சம்மதப் படிவத்தை நீட்டினேன்.
படித்துக்கூடப் பார்க்கவில்லை.
ஒரு கோடு, ஒரு சுழி,
முடிந்தது.
இரண்டு விநாடி இருக்கும்.

இவர்தானா என்று எனக்குத் தெரியாது.
அந்த நாட்டில் எத்தனை ஜெனரல்கள், எத்தனை பாலங்கள்.
அண்ணனுக்கும் பெயர் தெரியாது.

மூச்சை இழு, அடக்கு, விடு:
கருவி மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும்.
அவருக்கு இரண்டும் புரியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
கையால் சொல்லிக்கொடுத்தேன்.
உயர்த்தினால் இழுக்கவேண்டும்,
மூடினால் அடக்கவேண்டும்,
விரித்தால் விடலாம்.
படுத்தபடியே தலையசைத்தார்.
ஆணை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

உயர்த்தினேன். மூடினேன்.
பதினோரு விநாடியில் படம் முடிந்து
திரையில் பச்சை எரிந்தது.
கை மூடியே இருந்தது.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
வெள்ளை மயிர் அடர்ந்த அந்த நெஞ்சு
அசையவில்லை.
பதினாறு.
என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கேள்வி ஒன்றும் இல்லாத பார்வை.
பதினேழில் நான்தான் பயந்துபோனேன்.
விரித்தேன்.

திரையில் அது
அரிசி மணி அளவுகூட இல்லை,
அப்படியொரு வெள்ளை.

சட்டைப் பொத்தானைப் போட விரல் நடுங்கியது அவருக்கு.
மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.
நானே போட்டுவிட்டேன், நான்கு பொத்தான்.

மாலையில் டாக்டர் கோ எழுதிய அறிக்கை வந்தது.
பழைய உலோகத் துண்டு.
அதனால் பாதிப்பில்லை.

அண்ணன் எழுந்து வேலைக்குக் கிளம்புகிற நேரம்.
போன் அடித்தான்,
"பசியாறிட்டியா?"
ம் என்றேன்.